கடை பார்க்கப் போனவர்

அர்ஷியா: ...அப்போ மதியம் சாப்டவே இல்லையா?

உபைத்: சாப்ட்டேன்னு சொல்றேன்ல.

அர்ஷியா: என்ன சாப்ட்டீங்க?

உபைத்: பரோட்டா.

அர்ஷியா: எந்தக் கடையில?

உபைத்: பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை... பேரு பாக்கல.

அர்ஷியா: சொந்தமா கடை வைக்கப் போறவரு, சாப்ட்ட கடை பேரைக்கூட பாக்கல. நல்லா வெளங்கும் மச்சான்.

உபைத்: நக்கலா... சரி, நீ என்ன பண்ற?

அர்ஷியா: டீ போட்டு எடுத்துட்டு மாடிக்கு வந்தேன்.

உபைத்: தனியாவா?

அர்ஷியா: வேற யாரு இருக்கா? வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்தரு திண்டிவனத்துல கடை பாக்கப் போயிட்டாரு.

உபைத்: ஆமா... ஆமா.

அர்ஷியா: அந்த இடம் என்னாச்சு? ஓனரு வந்தாரா?

உபைத்: வந்தாரு. எடம் சரியில்ல. மாடியில இருக்குது. செல்போனுக்கு கவர் வாங்கறதுக்கு எவன் படி ஏறி வருவான்?

அர்ஷியா: நேத்தும் இதையேதான் சொன்னீங்க.

உபைத்: நேத்து பாத்தது வேற எடம்.

அர்ஷியா: அதுவும் மாடியா?

உபைத்: ...ஆமா.

அர்ஷியா: திண்டிவனத்துல தரையில கடையே கட்ட மாட்டாங்களா?

உபைத்: ஏய், வெளையாடாத.

அர்ஷியா: சரி, வெளையாடல. பஸ் ஸ்டாண்டுன்னு சொல்றீங்க, ஒரு ஹாரன் சத்தம் இல்லையே?

உபைத்: உள்ள தள்ளி நிக்கறேன்.

அர்ஷியா: காத்து மட்டும் இந்தப் போடு போடுது.

உபைத்: காத்து எங்கதான் அடிக்கல...

அர்ஷியா: அது என்ன, டக்கு டக்கு டக்குன்னு?

உபைத்: எது?

அர்ஷியா: மோட்டார் ஓடற மாதிரி கேக்குது.

உபைத்: ஜெனரேட்டரு. இங்க கரண்ட் இல்ல.

கலியமூர்த்தி: ஏம்பா உபைத்து! இன்னிக்கும் வந்துட்டியா?

உபைத்: அர்ஷி, ஒரு நிமிஷம்...

கலியமூர்த்தி: இன்னாத்துக்கு வரப்பு மேல உக்கார்ற? பேண்ட்டு பூரா உப்பு ஒட்டிக்கும். மோட்டார் கொட்டாயில கோணி போட்டு வெச்சிருக்கேன், அங்க போய் உக்காருன்னு நேத்தே சொன்னேன்ல?

உபைத்: சரிண்ணே... போன்ல இருக்கேன்.

கலியமூர்த்தி: பேசு, பேசு. யாரு, தங்கச்சியா?

அர்ஷியா: யாரு மச்சான் அது?

உபைத்: யாருமில்ல... வழி கேக்கறாங்க.

அர்ஷியா: கலியமூர்த்தி அண்ணன் கொரல் எனக்குத் தெரியாதா? ஸ்பீக்கர்ல போடுங்க.

உபைத்: எதுக்கு...

அர்ஷியா: போடுங்க.

உபைத்: ...போட்டுட்டேன்.

அர்ஷியா: அண்ணே, நல்லாருக்கீங்களா?

கலியமூர்த்தி: நல்லாருக்கேம்மா. நீ?

அர்ஷியா: இருக்கேன். ஏண்ணே, திண்டிவனத்துல எப்பலேர்ந்து உப்பு வெளையுது?

கலியமூர்த்தி: திண்டிவனமா? இன்னாம்மா சொல்ற? நம்ம மரக்காணத்து உப்பளந்தான். உன் வூட்டு மாடியிலேர்ந்து பாத்தா என் மோட்டார் கொட்டாய் தெரியுமே.

அர்ஷியா: தெரியுதுண்ணே. இப்பதான் தெரியுது. தினமும் வர்றாரா?

உபைத்: அண்ணே...

கலியமூர்த்தி: பக்ரீத் கழிஞ்சதுலேர்ந்து வர்றாரு. சாயந்தரம் ஆனா வந்துருவாரு. யாருகிட்டயும் பேசறதில்ல. பாத்தியில தண்ணிய பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு... வூட்ல எதுனா சண்டையாம்மா?

அர்ஷியா: சண்டையெல்லாம் இல்லண்ணே. சண்டை போட்டா பேசிக்கறோம்னு அர்த்தம்.

கலியமூர்த்தி: இன்னாமோ சொல்ற... எனக்கு வெளங்கல. சரி, நான் மோட்டார நிறுத்திட்டு கெளம்பறேன். நேரத்துக்கு அனுப்பி வைக்கிறேன்னு சொல்ல மாட்டேன், அவுரு எழுந்துக்கவே மாட்டாரு. வர்றேம்மா.

அர்ஷியா: போயிட்டு வாங்கண்ணே. மச்சான், ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க.

உபைத்: பண்ணிட்டேன்.

அர்ஷியா: ஜெனரேட்டர் நின்னுடுச்சு போல?

உபைத்: அர்ஷி...

அர்ஷியா: பரோட்டா நல்லா இருந்துச்சா?

உபைத்: சாப்டல. பிஸ்கட் வாங்கித் தின்னேன். கோவமா?

அர்ஷியா: கோவம் வரல. அதான் பயமா இருக்குது.

உபைத்: என்ன பயம்?

அர்ஷியா: ஷார்ஜாவுல இருந்த வரைக்கும் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. கட்டில்லேர்ந்து விழுந்து கை வீங்கினதைக்கூட வீடியோ கால்ல காட்டினீங்க. இப்ப வீட்டுக்குக் கூப்பிடு தூரத்துல உக்காந்துகிட்டு திண்டிவனம்னு சொல்றீங்க. எதுக்கு மச்சான்?

உபைத்: இங்க காத்து நல்லாருக்குது.

அர்ஷியா: மாடியிலயும்தான் அடிக்குது.

உபைத்: மாடி உன்னோடது.

அர்ஷியா: ...என்ன சொன்னீங்க?

உபைத்: ஒண்ணுமில்ல. விடு.

அர்ஷியா: விடல. சொல்லுங்க.

உபைத்: வந்த புதுசுல ஒரு நாள் நீ டீ எடுத்துட்டு மாடிக்குப் போன. நானும் என் கிளாஸை எடுத்துட்டு பின்னாலயே வந்தேன். ஞாபகம் இருக்கா?

அர்ஷியா: அதுக்கென்ன? உக்காருங்கன்னுதானே சொன்னேன். சிரிச்சேனே...

உபைத்: சிரிச்ச. அதுக்கு முன்னாடி உன் மூஞ்சி சுருங்குச்சு.

அர்ஷியா: இல்ல.

உபைத்: சுருங்குச்சு அர்ஷி. இத்தனை வருஷம் போன்ல உன் மூஞ்சியத்தானே பாத்துட்டு கெடந்தேன்? எனக்கு நல்லா தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். லைன்ல இருக்கியா?

அர்ஷியா: இருக்கேன். சுருங்குச்சுதான். இல்லன்னு இனிமே சொல்ல மாட்டேன்.

உபைத்: ம்.

அர்ஷியா: மாமி மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு வீட்ல நான் ஒருத்தி. சாயந்தரம் அஸர் தொழுதுட்டு டீயோட இங்க வந்து நிப்பேன். ஆரம்பத்துல அழறதுக்குத்தான் வந்தேன். கீழ அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அப்புறம் அழுகை நின்னுடுச்சு. ஆனாலும் வந்து நிப்பேன். அந்த நேரம் யாருக்கும் நான் பொண்டாட்டி இல்ல, மருமக இல்ல, டெய்லர் அக்கா இல்ல. சும்மா நிப்பேன். அவ்வளவுதான்.

உபைத்: இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

அர்ஷியா: எப்படிச் சொல்றது? நான் தனியா இருக்கேன்னுதான் நீங்க வேலையை விட்டுட்டே வந்தீங்க. வந்தவர்கிட்ட, என்னை கொஞ்சம் தனியா விடுங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?

உபைத்: ...சரிதான்.

அர்ஷியா: இன்னொண்ணு சொல்லவா? வருத்தப்படக் கூடாது.

உபைத்: ஏற்கெனவே உப்புல உக்காந்திருக்கேன். சொல்லு.

அர்ஷியா: ஜாக்கெட்டுக்கு ஆரி பூவேலை பண்ண அளவு குடுக்க பொம்பளைங்க வருவாங்கல்ல? இப்ப வர்றதில்ல. ஏன் தெரியுமா?

உபைத்: சீசன் இல்லன்னு சொன்னியே.

அர்ஷியா: வாசல்ல உங்க செருப்பு கெடக்குது. அதைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடறாங்க. வீட்ல ஆம்பளை இருக்காரு, எப்படி உள்ள வந்து அளவு குடுப்பாங்க?

உபைத்: என் செருப்பா?

அர்ஷியா: அம்சவள்ளி அக்கா கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாங்க. நான் ஜன்னல்லேர்ந்து முதுகைத்தான் பாத்தேன். கூப்பிடறதுக்குள்ள தெருவைத் தாண்டிட்டாங்க.

உபைத்: யா அல்லா... அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செருப்பைத் தூக்கி உள்ள வெச்சிருப்பேனே?

அர்ஷியா: உங்க சொந்த வீட்ல, உங்க செருப்பை மறைச்சு வைங்கன்னா? நான் சொல்ல மாட்டேன்.

உபைத்: நீ சொல்லவும் மாட்ட, எனக்குத் தெரியவும் தெரியாது. நல்ல குடும்பம்.

அர்ஷியா: என் ஸ்கூட்டி சாவி எங்க?

உபைத்: என் பாக்கெட்ல.

அர்ஷியா: பாருங்க.

உபைத்: நீ வெயில்ல ஓட்டிட்டுப் போகக் கூடாதுன்னுதான் நான் ஓட்றேன். பின்னால உக்காந்துட்டு வர்றதுல உனக்கு என்ன கஷ்டம்?

அர்ஷியா: பிரம்மதேசத்துக்கு ஜாக்கெட் குடுக்கப் போறது கஷ்டம்னு யாரு சொன்னா? அந்த ரோட்ல தனியா ஓட்டிட்டுப் போறப்ப பாட்டு பாடிட்டே போவேன். சத்தமா. இப்ப உங்க முதுகுக்குப் பின்னால வாயை மூடிட்டு வர்றேன்.

உபைத்: நீ பாடுவியா?

அர்ஷியா: பாடுவேன்.

உபைத்: என்கிட்ட ஒரு தடவைகூட பாடினதில்லையே?

அர்ஷியா: உங்களுக்காகப் பாடறது இல்ல அது. வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னேன்ல?

உபைத்: வருத்தமில்ல... இல்ல, வருத்தந்தான். அங்க டியூட்டி முடிஞ்சு படுத்துட்டு தினமும் நினைப்பேன். ஊருக்குப் போனா இவளை ஒரு வேலை செய்ய விடக் கூடாது, எல்லாத்தையும் கையிலேர்ந்து வாங்கிடணும்னு. அதை நினைச்சிட்டேதான் தூங்குவேன்.

அர்ஷியா: வாங்கிட்டீங்க. எல்லாத்தையும் வாங்கிட்டீங்க. மிளகாத்தூள் டப்பாவைக்கூட மேல் தட்டுல தூக்கி வெச்சிட்டீங்க. எனக்கு எட்டல. ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கறேன்.

உபைத்: ஹா... அது எறும்பு வருதுன்னு...

அர்ஷியா: மிளகாத்தூள்ல எறும்பா?

உபைத்: சரி, சரி. தப்புதான்.

அர்ஷியா: சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது.

உபைத்: எவ்வளவு நாள் ஆச்சு நீ இப்படி சிரிச்சு...

அர்ஷியா: உங்க முறை. நான் சொல்லிட்டேன். உங்களுக்கு என் வீட்ல என்ன கொறை?

உபைத்: என் வீட்லன்னு சொல்ற பாரு. அதான்.

அர்ஷியா: வாய் தவறி வந்துடுச்சு மச்சான்.

உபைத்: தவறல. உன் வீடுதான். நான் விருந்தாளி மாதிரி இருக்கேன். எந்த சுவிட்சு எந்த லைட்டுக்குன்னு இன்னும் தெரியல. சொன்னா சிரிக்க மாட்டியே?

அர்ஷியா: மாட்டேன்.

உபைத்: அங்க ரூம்ல எத்தனை பேரு இருந்தோம்னு உனக்கே தெரியும். மேல் பெட்டுல நசுருதீன், கீழ் பெட்டு எனக்கு. என் பெட்டைச் சுத்தி ஒரு பழைய பெட்ஷீட்டைத் திரையா கட்டியிருந்தேன். அதை இழுத்துவிட்டா உள்ள நான் மட்டுந்தான். எவனும் கூப்பிட மாட்டான். திரை மூடியிருந்தா கூப்பிடக் கூடாதுன்னு ரூம்ல ஒரு பேச்சு. உள்ள கெடந்துதான் உன்கூட பேசுவேன். எனக்கு... அந்தத் திரை வேணும்னு இருக்குது அர்ஷி. இவ்வளவு பெரிய வீட்ல, பொண்டாட்டி பக்கத்துல இருக்கறப்ப, ஒரு கிழிஞ்ச பெட்ஷீட்டை நினைச்சு ஏங்கறேன். இதை யாருகிட்ட சொல்ல முடியும்?

அர்ஷியா: என்கிட்ட சொல்லலாம்ல?

உபைத்: நீ என்கிட்ட செருப்பைச் சொன்ன மாதிரியா?

அர்ஷியா: ...சரி. நமக்குள்ள கணக்கு சமம்.

உபைத்: ராத்திரி நீ தூங்கறதில்ல. எனக்குத் தெரியும்.

அர்ஷியா: நீங்களும் தூங்கறதில்லையா?

உபைத்: கண்ணை மூடிட்டு இருப்பேன்.

அர்ஷியா: எனக்கு என்ன பழக்கம்னா... அப்பல்லாம் லைனை கட் பண்ணாமயே தூங்குவோம்ல? போனைத் தலகாணிக்குக் கீழ வெச்சுப்பேன். உங்க மூச்சு லேசா கேக்கும். அந்த சத்தத்துலதான் தூங்கிப் பழகினது. இப்ப நீங்க பக்கத்துல நெசமா மூச்சு விடறீங்க, எனக்குத் தூக்கம் வரல. ரொம்ப சத்தமா இருக்குது.

உபைத்: கொறட்டையா?

அர்ஷியா: கொறட்டை இல்ல. ஆளு. ஒரு ஆளு பக்கத்துல இருக்கற சத்தம். நீங்க அங்க இருந்தப்ப நான் தனியா இருந்தேன் மச்சான். ஆனா தனியா இருக்கேன்னு சொல்றதுக்கு நீங்க இருந்தீங்க. இப்ப யாருகிட்ட போய் சொல்லுவேன்?

உபைத்: போன்லதான் நமக்குப் பேச வருது. வீட்ல எதிரெதிர உக்காந்தா, குழம்புல உப்பு இருக்குதா, கேஸ் புக் பண்ணியாச்சா... அதோட முடிஞ்சுது. இங்க வந்து உக்காந்து உனக்கு போன் போட்டா நீ பழைய அர்ஷியாவா பேசற. அதுக்காகவும் வர்றேன்.

அர்ஷியா: அதுக்காகவும்னா? வேற எதுக்கு?

உபைத்: நசுருதீன் போன் பண்ணான்.

அர்ஷியா: ...

உபைத்: அர்ஷி?

அர்ஷியா: கேக்குது. சொல்லுங்க.

உபைத்: பழைய கம்பெனியிலயே ஆள் கேக்கறாங்களாம். விசா ரெடின்னு சொல்றான். அதே ரூம்... அதே பெட்டுகூட கெடைக்குமாம்.

அர்ஷியா: ஓ.

உபைத்: வெறும் ஓ-வா?

அர்ஷியா: போகணும்னு ஆசையா இருக்குதா?

உபைத்: கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்லல. அப்புறம் அசிங்கமா இருந்துச்சு.

அர்ஷியா: எனக்கும்...

உபைத்: உனக்கும் என்ன?

அர்ஷியா: ஒண்ணுமில்ல.

உபைத்: நீ சொல்லு. போகவா, இருக்கவா?

அர்ஷியா: என் தலையில கட்டாதீங்க.

உபைத்: கட்டல. உனக்கு என்ன வேணும்னுதான் கேக்கறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதை நான் கேட்டதே இல்ல. என்ன வாங்கிட்டு வரட்டும்னுதான் கேட்டிருக்கேன்.

அர்ஷியா: நீங்க வேணும்.

உபைத்: ம்.

அர்ஷியா: நாள் முழுக்க வேணாம். தப்பா சொல்லிட்டேனா?

உபைத்: இல்ல. எனக்கும் அதேதான். ஆனா உன் வாயிலேர்ந்து கேக்கறப்ப நெஞ்சுல சுருக்குன்னு இருக்குது.

அர்ஷியா: எனக்கும் சொல்றப்ப சுருக்குன்னுதான் இருந்துச்சு.

உபைத்: அப்போ நெசமாவே ஒரு கடை பாக்கணும்.

அர்ஷியா: தரையில இருக்கற கடையா பாருங்க.

உபைத்: ஸ்கூட்டி சாவியை வந்ததும் குடுத்துடறேன்.

அர்ஷியா: மாமி ரூம் சும்மாதானே கெடக்குது. துணி மூட்டையை ஒழிச்சுட்டா ஒரு கட்டில் போடலாம். கதவு இருக்குது. நீங்க உள்ள தாழ் போட்டுக்கிட்டா நான் கூப்பிட மாட்டேன்.

உபைத்: மூட்டையை நானே ஒழிச்சுடறேன்.

அர்ஷியா: வேணாம். நீங்க ஒழிச்சா என் நூல்கண்டு பூரா மேல் தட்டுக்குப் போயிடும்.

உபைத்: ஹா ஹா... சரி தாயே, தொட மாட்டேன்.

அர்ஷியா: ஊர்ல என்ன சொல்லுவாங்க? புருஷன் ஒரு ரூம்ல, பொண்டாட்டி ஒரு ரூம்லன்னு...

உபைத்: அவன் ஷார்ஜாவுலயும் இவ மரக்காணத்துலயும் இருந்தப்ப நல்ல ஜோடின்னு சொன்ன ஊருதானே? சொல்லட்டும்.

அர்ஷியா: அப்போ விசா?

உபைத்: வரலன்னு சொல்லிட்டேன்.

அர்ஷியா: எப்போ?

உபைத்: அவன் கேட்ட அன்னிக்கே.

அர்ஷியா: அப்புறம் எதுக்கு என்கிட்ட போகவா, இருக்கவான்னு கேட்டீங்க?

உபைத்: நீ என்ன சொல்லுவன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. ஏய்... அழறியா? மாடியில நின்னுட்டு அழாத. கீழ போ. நான் வந்துடறேன்.

அர்ஷியா: வராதீங்க. கொஞ்சம் இருங்க. ஒண்ணு சொல்லணும். எதிர்ல நின்னா எனக்கு வாய் வராது.

உபைத்: சொல்லு.

அர்ஷியா: சொன்னதுக்கப்புறம் வீட்டுக்கு வருவீங்களா, மாட்டீங்களான்னு தெரியல.

உபைத்: சொல்லு அர்ஷி.

அர்ஷியா: நசுருதீன் அண்ணன் தானாவே அந்த விசாவைப் பாக்கல. நான்தான் கேட்டேன். பக்ரீத் மறுநாள்... பிரியாணி சட்டியைக் கழுவிட்டு இருந்தேன். நீங்க வந்து, நான் கழுவறேன்னு கையிலேர்ந்து வாங்கிட்டீங்க. நான் ரூமுக்குள்ள போய் அவருக்கு போன் போட்டுட்டேன். எப்படியாவது இவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கங்க, நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்கன்னு அழுதேன். நீங்க தூரமா போயிட்டா மறுபடியும் உங்களை ஆசையா நினைச்சுட்டு இருக்கலாம்னு தோணிடுச்சு மச்சான்... மச்சான்? ஏதாவது பேசுங்களேன்...

உபைத்: தெரியும் அர்ஷி. நீ போனை வெச்ச கையோட அவன் எனக்குப் போட்டுட்டான். அன்னிக்கு சாயந்தரந்தான் முதல்முதலா, திண்டிவனம் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டு இங்க வந்து உக்காந்தேன். நீ என்னை அவ்வளவு தூரம் அனுப்பறதுக்கு முன்னாடி, நானா கொஞ்ச தூரம் தள்ளி இருந்து பாக்கலாமே, அதுவே உனக்குப் போதுமான்னு...